டிசைன் அக்கா கம்ப்யூட்டரைப் புதுசாக்கிய கதை

எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருப்பவரை எல்லோரும் டிசைன் அக்கா என்றுதான் சொல்வோம். தபால்காரர்கூட அப்படித்தான் விசாரிப்பார். நான் அவருக்கு நேர் மேலே, முதல் மாடியில் இருக்கிறேன். அவருடைய எம்பிராய்டரி மெஷின் ஓடும்போது என் வீட்டுத் தரை லேசாக அதிரும். குடிவந்த புதிதில் ஒருநாள் பொறுக்கமுடியாமல் சண்டைபோடவே கீழே இறங்கிப் போனேன். அந்த நேரம் பார்த்து அவர் மெஷினிலிருந்து ஒரு துணியை உருவி, பின்பக்கக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார். துணியில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. கட்டைவிரல் உயரம்கூட இருக்காது. இறகு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தது. துணியைத் திருப்பினால் வெளிச்சம் பட்டு அது சிலிர்ப்பதுபோல் இருந்தது. நான் சண்டையை மறந்து, காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அவருடைய வேலை என்னவென்று பலருக்குப் புரியாது. யாராவது ஒரு படத்தைக் கொண்டுவந்து இதைச் சட்டையில் போடவேண்டும் என்பார்கள். ஊசிக்குப் படம் புரியாது. எந்த இடத்தில் குத்த ஆரம்பிக்கவேண்டும், நூல் எந்தப் பக்கம் ஓடவேண்டும், எங்கே வெட்டவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கவேண்டும். அதோடு துணி இழுக்கும். வட்டத்தை வட்டமாகப் போட்டால் முட்டையாகத்தான் வரும். அதனால் முன்கூட்டியே, துணி எந்தப் பக்கம் இழுக்கும் என்று கணித்து, வட்டத்தை எதிர்ப்பக்கம் முட்டையாகப் போடவேண்டும். இதை அவர் ஒரு ஆயத்த ஆடை கம்பெனியில் கற்றுக்கொண்டார். கம்பெனி அந்தப் பிரிவை மூடியபோது, தான் உட்கார்ந்து வேலை செய்த கம்ப்யூட்டரையே கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குள் டிசைன் போடும் சாஃப்ட்வேர் இருந்தது. முதுகில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சாவி செருகியிருக்கும். கதவுச் சாவி மாதிரி அல்ல, ஒரு சின்ன பிளாஸ்டிக் கட்டி. ஆனால் அது இருந்தால்தான் சாஃப்ட்வேர் கண் திறக்கும். மறுபடி ஏற்றுவதற்கான சிடி கிடையாது. அது கம்பெனியோடே போய்விட்டது.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் நின்று வேலை பார்ப்பதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தாலும் பேச்சு குறைவு. ஒரே மகள், வேறு ஊரில் ஒரு அலுவலகத்தில் வேலை. விடுமுறைக்கு வந்தால் அம்மாவுக்கும் மகளுக்கும் இடையில் பேச்சு வாசல்வரை கேட்கும்.

இந்தக் கதைக்கு முக்கியமானவர் இன்னொருவர். லிஃப்ட் மெக்கானிக்கின் தம்பி. குடும்பத்தில் அவருக்குப் பெயர் ‘அப்டேட்’. புது ஃபோன் வந்தால் முதலில் அவர் கையில் இருக்கும். ஃபிரிட்ஜ், டிவி, மின்விசிறி எதுவும் அவர் வீட்டில் வயதாகிச் சாகாது. நல்ல ஆயுசில் இருக்கும்போதே மாற்றிவிடுவார். கல்யாணத்தைத் தவிர எல்லாவற்றையும் மாற்றிவிட்டார் என்று அவர் மனைவியே சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. வாய் சாமர்த்தியம் அதிகம். தேன் தடவிப் பேசுவார்.

ஆரம்பத்தில் அண்ணியும் கொழுந்தனுமாகச் சேர்ந்துதான் தொழில் செய்தார்கள். அவர் ஆர்டர் பிடித்துவருவார், அக்கா டிசைன் போடுவார். ஊரில் பல கிளைகள் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை ஆர்டர் அப்படித்தான் வந்தது. நான் பார்த்த கொக்கு அந்தப் பள்ளிக்கூடத்துக் கொக்குதான். அதைச் சரியாக நிற்கவைக்க அக்காவுக்கு ஒரு மழைக்காலமே ஆயிற்றாம். கழுத்து வளைவு முறியாமல் வரவேண்டும், கால் மெலிசாக இருக்கவேண்டும், ஆனால் நூல் அறுந்துபோகக்கூடாது.

பிறகு ஒரு நாள் அப்டேட் வந்து, கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதே, கொஞ்சம் சுத்தம் செய்துதருகிறேன் என்று உட்கார்ந்தார். அக்கா அவருக்காகச் சமையலறையில் நின்று பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், வருஷக்கணக்காக அவர் போட்ட டிசைன் அத்தனையும் பிரதி எடுக்கப்பட்டுவிட்டன. இது அக்காவுக்கு அப்போது தெரியாது.

தெரிந்தது கடைத் திறப்பு விழாவில். அப்டேட் பெரிய தெருவில் சொந்தமாக எம்பிராய்டரி கடை போட்டார். அண்ணனையும் அண்ணியையும் நேரில் வந்து அழைத்தார். அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு போனார். உள்ளே நுழைந்தால், சுவர் முழுக்கச் சட்டம் போட்டு மாட்டியிருந்ததெல்லாம் அவருடைய டிசைன். பூட்டு உடைத்த சாஃப்ட்வேர் ஒன்றை எங்கிருந்தோ பிடித்துவந்து, சாவி இல்லாமலே அங்கே ஓடவைத்திருந்தார்கள். அக்கா அப்போதும் தப்பாக நினைக்கவில்லை. தன்னையும் கூட்டாளியாகச் சேர்த்து ஆச்சரியப்படுத்தப் போகிறார்கள் என்றே நினைத்தாராம். ஜூஸ் டம்ளரோடு கொக்கின் பக்கத்தில் போய் நின்றார். பள்ளிக்கூடத்தின் சீருடைப் பொறுப்பாளர் அம்மா அங்கே நின்று, இதைப் போட்டது யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்டேட் சொன்னார்: “நான்தான் மேடம். ஒவ்வொரு கோடும் நான் சொல்லிச் சொல்லிப் போட்டது. அண்ணி வெறும் ஆபரேட்டர். சொன்னதைத் தட்டுவாங்க.”

அக்கா முதுகுக்குப் பின்னால்தான் நின்றார் என்பது அவருக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்ததும் ஒரு கணம் முகம் வெளுத்ததாம். அடுத்த கணமே, “அண்ணி, சாப்பிட்டீங்களா?” என்றாராம்.

அக்கா ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். பேசினால் அழுகை வந்துவிடும், அழுதால் அது கொழுந்தனுக்கு லாபம் என்று தோன்றியதாகச் சொன்னார். லிஃப்ட் மெக்கானிக் மறுநாள் தம்பியைக் கேட்கப் போனார். தம்பி கண்ணீர் விட்டிருக்கிறார். பிள்ளைகள் எதிர்காலம், கடைசி வாய்ப்பு, நீதானே அண்ணா எனக்கு அப்பா மாதிரி என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். அண்ணன் தண்ணீரில் போட்ட உப்பாகக் கரைந்து வீடு வந்து சேர்ந்தார். போகட்டும் விடு, தம்பிதானே என்றார்.  அன்றுமுதல் அக்கா கொழுந்தனைப் பார்க்க நேர்ந்தால் மட்டும் ‘வா தம்பி’ என்பதை விட்டுவிட்டு ‘வாங்க’ என்று சொல்ல ஆரம்பித்தார். அந்த ‘ங்க’ எவ்வளவு கனம் என்று குடும்பத்தில் எல்லோருக்கும் புரிந்தது.

வருஷங்கள் ஓடின. அக்கா சின்னச் சின்னக் கடைகளுக்கு டிசைன் போட்டுக் கொடுத்துக் காலம் தள்ளினார். வெளியே பார்த்தால் மறந்துவிட்டார் என்றுதான் தோன்றும். ஆனால் சந்தைக்குப் போகக் குறுக்குவழி இருக்கும்போது அவர் பெரிய தெரு வழியாகவே போவார். ஒருநாள் கூடப்போன நான் ஏன் என்று கேட்டேன். கடை எப்படி வளர்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன் என்றார். பிறகு நடந்துகொண்டே சொன்னார்:

“நாசமாப் போகட்டும்னு சாபம் விடறது சோம்பேறி வேலை. நான் காத்துக்கிட்டிருக்கேன்.”

எனக்கு அப்போது கொஞ்சம் பயமாகவே இருந்தது. கையில் கத்தரிக்காய்ப் பையோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவ்வளவு அமைதியாக அதைச் சொன்னார்.

இதற்கிடையில் அவருடைய கம்ப்யூட்டர் கிழமாகிக்கொண்டிருந்தது. காலையில் போட்டதும் திரையில் ஒரு அறிவிப்பு வரும். இந்தப் பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது, புதிய பதிப்புக்கு மாறுங்கள் என்று. அக்கா ‘பிறகு நினைவூட்டு’ என்பதைத் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். அது பாவம், சொன்ன சொல் தவறாமல் நினைவூட்டிக்கொண்டே இருந்தது. பிறகு வங்கிப் பக்கம் திறக்க மறுத்தது. அப்புறம் கடைக்காரர்கள் அனுப்பும் படங்களும் திறக்கவில்லை. என் ஃபோனில் வாங்கி, என்னைக் கீழே கூப்பிட்டு, நான் காட்டக் காட்ட அதைப் பார்த்து வரைவார். மகள் விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் இதே சண்டை. புதுப்பிக்காவிட்டால் ஒருநாள் வைரஸ் புகுந்து எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விடும் என்பாள். புதுப்பித்தால் சாவி வேலை செய்யாது, சாஃப்ட்வேர் செத்துப்போகும் என்பார் அம்மா. புது சாஃப்ட்வேர் நான் வாங்கித்தருகிறேன் என்பாள் மகள். பழைய டிசைனெல்லாம் அதில் திறக்குமா என்பார் அம்மா. திறக்காது. தையல் கோப்புகள் மட்டும் மிஞ்சும். அவற்றை அப்படியே தைக்கலாம், ஆனால் ஒரு எழுத்தை மாற்ற முடியாது, அளவைக் கூட்டக் குறைக்க முடியாது. “ஃபோட்டோ மாதிரிம்மா, பாத்துக்கலாம், ஆனா ஃபோட்டோல இருக்கறவருக்குச் சட்டை மாத்திவிட முடியாது” என்று மகளே ஒப்புக்கொண்டாள். இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கிப் பக்கத்தில் வைக்கலாம் என்றால், அந்த அறையில் மெஷினும் நூல் அலமாரியும் போக அக்கா உட்காரவே இடம் அளந்துதான் இருந்தது. அப்படியும் இப்படியும் மதில்மேல் பூனையாகவே மாதங்கள் போயின.

அந்தச் சமயத்தில்தான் அப்டேட் வீட்டுக்கு வந்தார். கையில் ஆப்பிள் பை. நானும் அப்போது அங்கே இருந்தேன், ஒரு தலையணை உறைக்குப் பூ கேட்கப் போயிருந்தேன். எழுந்திருக்கப் பார்த்த என்னை அக்கா கண்ணாலேயே உட்காரவைத்தார்.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடம் சீருடையை மாற்றுகிறது. தடிமனான புதுத் துணி, பெரிய சின்னம், பெயரில் ஒரு சொல்லும் மாறியிருக்கிறது. பழைய தையல் கோப்பைப் பெரிதாக்கினால் நூல் விலகிக் கொக்கு நோய் கண்டதுபோல் வருகிறது. அசல் கோப்பைத் திறந்துதான் மாற்றவேண்டும். அசல் கோப்பு அவரிடம் இருக்கிறது, திறக்கத்தான் வழியில்லை. கடையில் எல்லாவற்றையும் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டார். பூட்டு உடைத்த சாஃப்ட்வேர் அதில் ஓடவில்லை. பழைய கம்ப்யூட்டர்களை அவர் வழக்கப்படி முன்பே பழைய இரும்புக்காரருக்குத் தள்ளிவிட்டிருந்தார். இப்போது அந்தக் கோப்பைத் திறக்கக்கூடிய கம்ப்யூட்டர் அவருக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஒரு மத்தியானம் உட்காரவிட்டால் போதும். சாவியும் உங்களிடம்தானே இருக்கிறது அண்ணி என்றார்.

பழசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மன்னிப்பு என்ற சொல் அந்த ஆப்பிள் பையிலும் இல்லை. அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து அடித்துவிடுவாரோ என்று நான் நினைத்தேன். ஆனால் அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“சனிக்கிழமை காலைல வாங்க. உங்களுக்காகவே தயாரா வச்சிருக்கேன்” என்றார்.

அவர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். மாதக்கணக்காக ஆடிக்கொண்டிருந்த தராசு அந்த ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கம்ப்யூட்டரைப் புதுசாக்கப் போகிறேன் என்றார். அவர் வருவது சனிக்கிழமைதானே என்றேன். ஆமாம், சனிக்கிழமைதான் என்றார்.

மறுநாளே கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறவரை வரவழைத்தார். அந்தத் தெருவில் அவரை டாக்டர் என்பார்கள். நாடி பிடிப்பதுபோல் பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்துச் சூடு பார்ப்பார். அவர் எல்லாம் பார்த்துவிட்டு ஒரு நல்ல வழி சொன்னார். பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக எடுத்துவைத்துவிடலாம், புது டிஸ்க் போட்டு அதில் புதிய பதிப்பை ஏற்றலாம், என்றைக்காவது தேவைப்பட்டால் பழசை மாட்டிக்கொள்ளலாம். எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்காவின் உழைப்பு அப்படியே இருக்கும், கொழுந்தனுக்கும் கிடைக்காது. பாம்பும் சாகும், தடியும் முறியாது.

அக்கா வேண்டாம் என்றார். அதே டிஸ்க்கில், பழசை முழுக்க அழித்துவிட்டு ஏற்றவேண்டும் என்றார். டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். நானும் சொல்லிப்பார்த்தேன். அவர் சொன்ன காரணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. டிஸ்க் அலமாரியில் இருந்தால் அவர் கணவருக்குத் தெரியும். தம்பி ஒரு மூச்சு அழுதால் அண்ணன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்துவிடுவார். அவர் கொடுக்காவிட்டாலும், பத்து வருஷம் கழித்து நானே மனசு இளகிக் கொடுத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும் என்றார். எனவே இருக்கவே கூடாது.

கணவரிடம் சனிக்கிழமை காலையில்தான் சொன்னார். அவர் வேலைக்குக் கிளம்புவதற்காகக் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். 

“தன் மூக்கு போனாலும் பரவாயில்ல, எதிரிக்குச் சகுனம் கெடணும்னு சொல்ற மாதிரி இருக்கு” என்றார்.

“மூக்கு என்னுதுதானே” என்றார் அக்கா.

 கணவர் வாசலில் போய்ச் செருப்பு மாட்டும்போது ஃபோனை வெளியே எடுத்தார். தம்பியைக் கூப்பிட்டு வராதே என்று சொல்லப்போகிறார் என்று அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். அவர் நேரம் பார்த்துவிட்டு ஃபோனை உள்ளே வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று கடைத் திறப்பிலிருந்து வந்து தனக்காகச் சண்டை போடாத மனிதர், இத்தனை வருஷம் கழித்து ஒரு ஃபோனைப் பேசாமல் உள்ளே வைத்ததில் தனக்குப் பாதிக் கோபம் தீர்ந்துவிட்டது என்று பிறகு அக்கா சொன்னார். அந்தப் பாதி கணவர்மேல் இருந்த பாதி.

அப்டேட் வந்தபோது டாக்டர் வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தார். நான் வாசற்படியில் நின்றேன். வேடிக்கை பார்க்கத்தான் நின்றேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. அக்கா கொழுந்தனை உள்ளே அழைத்து, நாற்காலியைத் துடைத்துப்போட்டு, காபியும் கொடுத்தார். அவர் பாக்கெட்டிலிருந்து பென் டிரைவை எடுத்துக் கையில் உருட்டியபடியே திரையைப் பார்த்தார். திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே ஓடிய கோடு பாதியைத் தாண்டியிருந்தது.

அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும். நமக்குத்தான் விளக்கவேண்டும், அவருக்கு வேண்டாம். காபி டம்ளர் வாயருகே போய் நின்றது.

“அண்ணி, இது என்ன ஓடுது?”

“புதுப் பதிப்பு. நீங்கதானே எப்பவும் சொல்வீங்க, பழசக் கட்டிக்கிட்டு அழக்கூடாதுன்னு.”

அவர் டாக்டர் பக்கம் திரும்பி, நிறுத்துங்கள், பழையதைப் பிரதி எடுத்தீர்களா என்று கேட்டார். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு, இல்லை என்று முனகினார். இப்போது நிறுத்தினால் இரண்டும் போகும் என்றார். அப்டேட் எழுந்து நின்றார். முதலில் கோபம் வந்தது. தொழிலையே அழித்துவிட்டீர்கள், பைத்தியமா உங்களுக்கு என்றெல்லாம் குரல் உயர்ந்தது. அது பலிக்கவில்லை என்றதும் தேன் வந்தது. அதுவும் பலிக்காமல் கடைசியில் கண்ணீர் வந்தது. அது நடிப்பில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. அக்கா எல்லாவற்றுக்கும் ஒரே முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“நான் என்னங்க பண்றது? நான் வெறும் ஆபரேட்டர். சொன்னதைத் தட்டுவேன். புதுப்பின்னு அது சொல்லிச்சு, தட்டினேன்.”

அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தபோது அவருக்கு எல்லாம் புரிந்தது. இத்தனை வருஷமும் அண்ணி அதை மறந்துவிட்டார் என்று நம்பியிருந்திருக்கிறார்.

அக்கா எழுந்து கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் கைவிட்டு, அந்தச் சாவியை உருவினார். தூசியை முந்தானையால் துடைத்தார். கொழுந்தனின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து மூடினார்.

“சாவி கேட்டீங்கல்ல, வச்சுக்கங்க. பூட்டுதான் இல்ல.”

அவர் போகும்போது என்னை இடித்துக்கொண்டு போனார், மன்னிக்கச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. ஆறிப்போன காபியை அக்கா தொட்டியில் கொட்டினார்.  சிரித்துக்கொண்டே இருந்தார். நான் தோளைத் தொட்டபோது, நெஞ்சில் இத்தனை நாள் மாட்டியிருந்த முள் வந்துவிட்டது, ஆனால் முள் இருந்த இடத்தில் ஓட்டையாக இருக்கிறது என்றார்.

பள்ளிக்கூடத்து ஆர்டரை அப்டேட் எப்படியோ சமாளிக்கப் பார்த்தார். வெளியே யாரிடமோ கொடுத்துக் கொக்கைப் புதிதாகப் போட்டுவாங்கினார். அதைப் பார்த்த சீருடைப் பொறுப்பாளர் அம்மா, இது கொக்கா, குடை மடங்கினதா என்று கேட்டாராம். முன்பு நீங்களே போட்டீர்களே, இப்போது ஏன் வரவில்லை என்று குடைந்திருக்கிறார். சுற்றிச் சுற்றிப் பேசிப் பார்த்தும் வழியில்லாமல், கடைசியில் அவர் தன் வாயாலேயே சொல்லவேண்டியதாயிற்று: அதைப் போட்டது என் அண்ணி. ஆர்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அந்த அம்மா விலாசம் விசாரித்துக்கொண்டு எங்கள் கட்டிடத்துக்கே வந்தார்.

அக்கா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வந்தவரை உட்காரவைத்து, உங்களுக்கு என் பெயரை யார் சொன்னது என்று கேட்டார். அந்த அம்மா சொன்னார். என்ன சொல்லிச் சொன்னார், அப்படியே சொல்லுங்கள் என்றார் அக்கா. அந்த அம்மா குழம்பிப்போய், எல்லாம் அவங்க போட்டதுதான், எனக்கு ஒரு கோடுகூடப் போடத் தெரியாது என்று சொன்னார் என்றார். அக்கா அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்புறம்தான் வேலையை ஏற்றுக்கொண்டார்.

ஆனால் எல்லாம் இனித்துவிடவில்லை. மகள் வாங்கிக்கொடுத்த புது சாஃப்ட்வேர் அவரைப் படாதபாடு படுத்தியது. பழைய இடத்தில் எதுவும் இல்லை. ஒரு பொத்தானைத் தேடிக் காலை முழுக்கப் போகும். நடு வேலையில் திரை இருண்டு, புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன் பொறுங்கள் என்னும். வீட்டுக்குள்ளேயே இன்னொரு அப்டேட்டைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன் என்று திட்டுவார். முன்பு போட்ட நூற்றுக்கணக்கான டிசைன்களில் யாராவது ஒரு சின்ன மாற்றம் கேட்டால், முதலிலிருந்து போடவேண்டியிருந்தது. சில வாடிக்கையாளர்கள் பொறுக்காமல் வேறிடம் போனார்கள். கொக்கையும் புதிதாக நிற்கவைத்தார். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பழைய சட்டை ஒன்றையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அக்கா வெகுநேரம் பார்த்தார். பழையது மீனைப் பார்க்கிறது, இது சும்மா நிற்கிறது என்றார்.

அப்டேட்டின் கடை பெரிய தெருவிலிருந்து ஒரு சந்துக்குள், மாடிக்கு, மாறியது. அவர் மனைவி ஒரு துணிக்கடையில் நின்று விற்கும் வேலைக்குப் போகத் தொடங்கினார். அவர் ஒருநாள் மத்தியானம் ஓரகத்தியைப் பார்க்க வந்தார். அழவில்லை, சண்டையும் போடவில்லை. கால் வீங்கியிருக்கிறது, நாளெல்லாம் நிற்கிறேன் என்று காட்டினார். அப்புறம் கேட்டார்:

“அவரத் தண்டிச்சீங்க, சரி. என்னையும் சேத்துத் தண்டிச்சிட்டீங்களேக்கா?”

“கடைக்கு ரிப்பன் வெட்டினப்போ சுவத்துல மாட்டியிருந்தது யாரோடதுன்னு உனக்குத் தெரியும்ல?” என்றார் அக்கா.

கொழுந்தனின் மனைவி தலையாட்டினார். தெரியும்.  அக்கா உள்ளே போய் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து, உப்பு போட்டு, அவர் காலடியில் வைத்தார். அதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. தப்பு செய்துவிட்டோமோ என்று தோன்றுகிறதா என்று அன்று மாலை நான் கேட்டேன். அவள் காலைப் பார்த்தபோது தோன்றியது, அவன் கடையை நினைத்தபோது போய்விட்டது என்றார்.

அதற்கு அடுத்த வருஷம் லிஃப்ட் மெக்கானிக் ஒரு கட்டிடத்தில் ஏணி சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவர் ஃபோனிலிருந்து போன முதல் அழைப்பு தம்பிக்குத்தான். இத்தனை நாளும் அண்ணனும் தம்பியும் வாரம் ஒருமுறை ஒரு டீக்கடையில் சந்தித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போது வெளிவந்தது. அக்காவுக்கு அது முன்பே தெரியும். சனிக்கிழமைகளில் கணவர் வீட்டில் டீ கேட்பதில்லை, அதை வைத்தே கண்டுபிடித்திருந்தார். தம்பிதான் அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். நானும் அக்காவும் போய்ச் சேர்ந்தபோது அவர் சட்டையில் கிரீஸும் ரத்தமும் இருந்தன. உள்ளே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே வரிசையாக இரும்பு நாற்காலிகள். அவர் ஒரு ஓரம், அக்கா ஒரு ஓரம், நடுவில் நான்.

வெகுநேரம் கழித்து அவர் ஒரு தண்ணீர் பாட்டிலை என் வழியாக நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டார்.

“அண்ணி, இன்னும் என்மேல கோபமா?” என்று கேட்டார். தேன் எதுவும் தடவாமல், சாதாரணமாகக் கேட்டார்.

“ஆமா” என்றார் அக்கா. மூடியைத் திறந்து தண்ணீரைக் குடித்தார். பாதி குடித்துவிட்டு மூடியை இறுக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப்பார்த்து, எக்ஸ்ரே படம் தயாராகியிருக்கும், யாராவது போய் வாங்கிவாருங்கள் என்றார். அக்காவுக்கு மூட்டுவலி; அந்த ஆஸ்பத்திரியின் நீள வராந்தாவைத் தாண்டிப் போகவேண்டும். அவர் கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தார்.

“போய் வாங்கிட்டு வாங்க. ரெண்டு படமும் இருக்கான்னு பாத்து வாங்குங்க” என்றார்.

அவர் எழுந்து போனார்.